குழந்தை மருத்துவர் கிளைக்குப் புது நிர்வாகிகள்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆளுங்க என்ன கேக்கணும்?

மழலைநலம் (தேவகோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டையில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். நம்ம பக்கத்துக் குழந்தை மருத்துவர்கள் கிளைக்கு இந்த வாரம் புது நிர்வாகிகள் பொறுப்பேற்றிருக்காங்க. தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேருமே புது ஆளுங்க. யார் பேரையும் நான் எழுதப் போறதில்லை, நீங்களும் எழுத வேண்டாம். வேலையைப் பத்தி மட்டும் பேசுவோம்.

வெளியில இருக்கிறவங்களுக்காக ஒரு விளக்கம். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம், நாங்க ஐ.ஏ.பி.ன்னு சொல்றது, 1963-ல் ரெண்டு பழைய அமைப்புகள் ஒண்ணா சேர்ந்து உண்டானது. அதுக்குக் கீழே மாநிலக் கிளை, அதுக்கும் கீழே மாவட்ட, நகரக் கிளைகள். தேசியத் தலைவர் பதவி ஒரே வருஷம்தான். முந்தின வருஷமே தேர்ந்தெடுத்துடுவாங்க, ஒரு வருஷம் கூடவே இருந்து வேலையைப் பழகிட்டுத்தான் நாற்காலிக்கு வருவாங்க. 2024-ல் பெங்களூரு டாக்டர் பசவராஜா, 2025-ல் நாக்பூர் டாக்டர் வசந்த் கலாட்கர். கிளையிலும் ஒரு வருஷம்தான். ஆனா இங்கே பழகுறதுக்கு முன் வருஷம் எதுவும் கிடையாது. பொறுப்பேற்பு விழா, பொன்னாடை, போட்டோ முடிஞ்சு நிமிர்ந்து பார்த்தா பாதி வருஷம் போயிருக்கும்.

போன வருஷம் கிளை செஞ்சதுல எனக்கு மனசு நிறைஞ்ச காரியம் ஒண்ணு உண்டு. பிரசவ அறை செவிலியர்களுக்கு நடத்துன பச்சிளம் குழந்தை உயிர்மீட்புப் பயிற்சி. பிறந்து அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள மூச்சு கொடுத்தாகணும், அதுதான் பாடம். ஐ.ஏ.பி. 2009-ல் நாடு முழுக்க ஆரம்பிச்ச திட்டம். ஒரு பொம்மை, காத்தை அழுத்தி உள்ளே அனுப்ப ஒரு பை, ஒரு முகமூடி, இவ்வளவுதான் சாமான். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை வளைச்சுப் பிடிக்கணும், மத்த மூணு விரலும் தாடையைத் தூக்கிப் பிடிக்கணும். வந்த செவிலியர்களில் நிறையப் பேருக்கு முதல் தடவை காத்து ஓரத்துல கசிஞ்சது, பொம்மையோட நெஞ்சு எழும்பலை. "அழுத்து, விடு, விடு"ன்னு வாய்விட்டு எண்ணிக்கிட்டே செய்யச் சொன்னோம். நெஞ்சு எழும்பின உடனே அவங்க முகத்தைப் பார்க்கணும். அந்தக் கை இனி எந்த ஊர் பிரசவ அறையிலும் அந்தப் பிடியை மறக்காது.

ஜூலை கடைசி வாரம் ஓ.ஆர்.எஸ். வாரம், அதாவது வயித்துப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பத்திச் சொல்ற வாரம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெச்சு ஒரு ஊர்வலம். அதோட சரி.

மீதி எல்லாம் தொடர்கல்விக் கூட்டங்கள், டாக்டர்கள் புதுசா வந்ததைக் கத்துக்கிற கூட்டங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஓட்டல்ல, ஏதாவது ஒரு மருந்துக் கம்பெனி செலவில். சாப்பாடு அவங்க, அரங்கம் அவங்க, பேச வர்றவருக்குக் கார் அவங்க. இது நம்ம கிளையில மட்டும் நடக்குறது இல்லை, நாடு முழுக்க இப்படித்தான். ஆனா புது நிர்வாகிகள் முதல் வேலையா மாத்த வேண்டியது இதைத்தான்னு நான் நினைக்கிறேன். சங்கம் யார் காசில நடக்குதோ அவங்க சரக்கைப் பத்தி வாயைத் திறக்க முடியாது. நாம வாயைத் திறந்தே ஆகவேண்டிய காலம் இது. டாக்டர்கள் மட்டுமில்லாம எல்லாரும் சொல்லுங்க.

பழைய ஸ்டெத் (காரைக்குடி)

தம்பி, நீங்க எழுதினதில் பாதிக்கு உடன்படுறேன். மீதிப் பாதிக்கு நான் பார்த்ததைச் சொல்றேன்.

நான் செக்காலை ரோட்டில் கிளினிக் திறந்த காலத்தில் கம்பெனியும் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஒரு டாக்டர் வீட்டு முகப்பில் பாயை விரிச்சு நாலைஞ்சு பேர் உக்காருவோம். பத்திரிகை தபாலில் தாமதமா வரும், ஒருத்தர் படிச்சுட்டு அடுத்தவர்கிட்ட கொடுப்பார். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைக்கணும்னா ரயில் டிக்கெட், தங்க இடம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. வருஷத்துக்கு ஒருத்தர் வந்தாலே பெரிய காரியம். கம்பெனிகள் வந்த பிறகுதான் பெரிய பெரிய ஆளுங்க காரைக்குடிக்கு வந்து பேசினாங்க. டெங்கு குழந்தைக்கு எப்ப திரவம் ஏத்தணும், எப்ப நிறுத்தணும்னு நான் தெளிவா கத்துக்கிட்டது அப்படி ஒரு கூட்டத்தில்தான். அந்தப் பாடத்தால் பிழைச்ச பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கு.

கம்பெனிக் காசு வேண்டாம்னு சொல்றது சுலபம். வேண்டாம்னா கூட்டமே நடக்காது. கூட்டம் நடக்காத ஊரில் டாக்டர் தான் படிச்ச வருஷத்திலேயே நின்னுடுவார். அது குழந்தைக்கு நல்லதா?

புதுவயல் மருந்துக்கடை

ஐயா ரெண்டு பேருக்கும் வணக்கம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிறவன் நான், என்ன நடக்குதுன்னு சொல்லலாமா?

வயித்துப்போக்குன்னு வர்றவங்கள்ல நிறையப் பேர் பொட்டலம் கேக்கிறதில்லை. "அந்த ஆரஞ்சு டப்பா ஓ.ஆர்.எஸ். குடுங்க"ன்னு ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறதைத்தான் கேப்பாங்க. பிள்ளையும் அதைத்தான் குடிக்கும். பொட்டலம் உப்புக் கரிக்குதுன்னு துப்பிடும். 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் இனி அந்த மாதிரி பானத்து மேல ஓ.ஆர்.எஸ்.ன்னு போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. அதை நான் டி.வி.யிலதான் பார்த்தேன். எந்த டாக்டரும், எந்தச் சங்கமும் என் கடைக்கு வந்து "அண்ணே, இதை எடுத்து உள்ளே வைங்க"ன்னு சொல்லலை. கடையில இருந்த சரக்கை என்ன செய்யறதுன்னு ஏஜென்டுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை.

இருமல் சிரப் விஷயமும் அதே கதைதான். அந்த அக்டோபர் மாசம் சிரப் குடிச்சு மத்தியப் பிரதேசத்துல பிள்ளைங்க செத்த செய்தியைக் கேட்டுப் பயந்துபோன அம்மாமார் வீட்ல இருந்த பாட்டிலை எல்லாம் பையில போட்டுக் கொண்டாந்து காட்டுறாங்க. "இது நல்லதா, இது நல்லதா"ன்னு. நான் என்னத்தைச் சொல்ல? பேட்ச் நம்பரைப் பார்த்துச் சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

மருந்துக்கடைக்காரன் விக்கிறான் விக்கிறான்னு கூட்டத்துல பேசுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒரு தடவை எங்களையும் கூப்பிட்டுப் பேசிப் பாருங்க.

கண்டனூர் மருமகள்

இங்கே எழுதலாமான்னு தயக்கமா இருந்துச்சு. எனக்கு ஒன்றரை வயசுப் பையன். சளி பிடிச்சா எங்க அப்பத்தா உரைமருந்து உரைச்சு நாக்குல தடவச் சொல்றாங்க. பக்கத்து வீட்ல தொக்கம் எடுக்க, அதாவது தொண்டையில சிக்கினதை எடுக்கிறதா சொல்றவங்ககிட்ட, கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. கடையில சிரப் குடுக்கிறாங்க. டாக்டர்கிட்ட போனா வெளியில அவ்வளவு கூட்டம், உள்ளே நிக்க நேரமில்லை. சிரப் குடுக்கலாமா கூடாதா? எந்த வயசுக்கு? இதை யார்கிட்ட கேக்கிறது? சங்கம்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு இப்பத்தான் தெரியும்.

மழலைநலம் (தேவகோட்டை)

தங்கச்சி, தயங்காம கேட்டதுக்கு நன்றி. உங்க கேள்விக்குப் பதில் சொல்லிட்டு மத்ததுக்கு வர்றேன்.

2025 அக்டோபர் 3-ம் தேதி மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் கொடுத்த அறிவுரை: ரெண்டு வயசுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அஞ்சு வயசுக்குக் கீழேயும் பொதுவா தேவையில்லை. அதுக்கு முன்னாடியே 2023 டிசம்பரில் குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின் ரெண்டும் கலந்த சிரப்பை நாலு வயசுக்குக் கீழே கொடுக்கக்கூடாது, லேபிளிலேயே அதை அச்சடிக்கணும்னு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை சொல்லியாச்சு. உங்க பையனுக்கு ஒன்றரை வயசு, அதனால சிரப் வேண்டாம். மூக்கு அடைச்சா உப்புநீர்ச் சொட்டு. தாய்ப்பாலோ, வெதுவெதுப்பான கஞ்சியோ, தண்ணியோ அடிக்கடி. பெரும்பாலான சளி தானா ஓடிடும்.

நீங்க பார்க்க வேண்டியது மூச்சை. பையன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிட்டு முழுசா ஒரு நிமிஷம் வயிறு ஏறி இறங்குறதை எண்ணுங்க. ஒரு வயசுக்கு மேல நிமிஷத்துக்கு 40, ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரைக்கும் 50, ரெண்டு மாசத்துக்குள்ள 60. அந்த அளவைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ராத்திரி ஆனாலும் கிளம்பிடுங்க. அப்பத்தாகிட்ட சண்டை போட வேண்டாம். ஆனா உரைமருந்துல வசம்பு, மாசிக்காய்னு கல்லில் உரைச்சுக் கொடுக்கிறப்ப அளவும் தெரியாது, கல் சுத்தமான்னும் தெரியாது. தொக்கம் எடுக்கிறவங்க வாயில விரலை விட்டுத் துழாவுறது, குழாய் வெச்சு ஊதுறது எல்லாம் மூச்சுக்குழாய்க்கு ஆபத்து. அதுக்கு மட்டும் உறுதியா வேண்டாம்னு சொல்லுங்க.

இப்ப புதுவயல் அண்ணன் சொன்னதுக்கு வர்றேன். சிந்த்வாராவில் நடந்ததை லேசா விட்டுட முடியாது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேல குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனாங்க. அவங்க குடிச்ச கோல்ட்ரிஃப்ங்கிற இருமல் சிரப் தயாரானது நம்ம தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம்ம மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்சப்ப டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்துச்சு. இருக்கக்கூடிய வரம்பு 0.1. அது தொழிற்சாலைக் கரைப்பான். சிரப்பில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கிற புரொப்பிலீன் கிளைக்காலோட கலந்து வந்துடுது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இனிக்கவும் செய்யும். குடிச்ச குழந்தைக்கு முதல்ல வாந்தி, அப்புறம் சிறுநீர் கொஞ்சம் கொஞ்சமா நின்னுபோகும். சளிக்கு மருந்து வாங்கப் போன பிள்ளை டயாலிசிஸ்ல கிடக்கும்.

இது முதல் தடவையும் இல்லை. 1970-களோட தொடக்கத்தில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதே நஞ்சால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் போச்சு. 1986-ல் மும்பையில் ஜே.ஜே. ஆஸ்பத்திரி நோயாளிகள். 2022-ல் ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் அறுபதுக்கும் மேல குழந்தைகள். அரை நூற்றாண்டா ஒரே நஞ்சு! ஒவ்வொரு தடவையும் கம்பெனி மேல வழக்கு, அதிகாரி சஸ்பெண்ட், அதோட ஊர் மறந்துடும். தேவையில்லாத சிரப்பை எழுதாம இருக்கிறது மட்டும்தான் டாக்டர் கையில இருக்கிற தடுப்பு. அதைச் சொல்ல வேண்டிய மேடை சங்கம். சிரப் விக்கிற கம்பெனி போட்ட மேடையில் நின்னு அதை எப்படிச் சொல்றது? மூத்தவர் ஐயா இதுக்கு மட்டும் பதில் சொல்லணும்.

புது கிளினிக் (திருப்பத்தூர்)

நான் மதுரையில் படிச்சு முடிச்சு இப்பத்தான் திருப்பத்தூரில் தொடங்கியிருக்கேன். சட்டம் என்ன சொல்லுதுன்னு பலருக்குத் தெரியாததால அதை மட்டும் வைக்கிறேன்.

2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி டாக்டர் அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி முடிக்கணும். 2009-ல் அதில் புது விதி சேர்த்தாங்க: கம்பெனிகிட்ட பரிசு, பயணம், விருந்து எதுவும் வாங்கக்கூடாது. அந்த விதி அப்ப டாக்டருக்கும் பொருந்தும், டாக்டர் சங்கத்துக்கும் பொருந்தும். 2016-ல் சங்கங்களை மட்டும் அதிலிருந்து எடுத்துட்டாங்க. அதாவது நான் தனியா ஒரு சாப்பாடு வாங்கித் தின்னா தப்பு, சங்கத்துப் பேரில் அத்தனை பேரும் தின்னா தப்பில்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், கம்பெனி நேரா கொடுத்தாலும் சுத்தி வளைச்சுக் கொடுத்தாலும் அந்தக் கருத்தரங்கில் டாக்டர் கலந்துக்கக்கூடாதுன்னு புது விதி கொண்டு வந்தாங்க. மூணு வாரத்தில் அதை நிறுத்தி வெச்சாங்க. 2024 மார்ச்சில் மருந்து விற்பனை நெறிமுறை வந்துச்சு. பேச வர்றவரைத் தவிர மத்த டாக்டருக்குப் பயணம், தங்கும் செலவு கம்பெனி கொடுக்கக்கூடாது, இலவச மாதிரி மருந்தும் ஒரு டாக்டருக்கு ஒரு மருந்தில் வருஷத்துக்கு 12 பொட்டலத்துக்கு மேல கூடாது. ஆனா இது கம்பெனியைத்தான் கட்டுப்படுத்துது. சங்கத்தைக் கட்டுப்படுத்த இன்னைக்கு யாருமில்லை. நாமே கட்டுப்படுத்திக்கிட்டால்தான் உண்டு.

அதே சமயம் என் நிலைமையையும் சொல்லணும். ஸ்கேன் மெஷின் கடன், கிளினிக் வாடகை எல்லாம் கட்டிட்டு தேசிய மாநாட்டுப் பதிவுக் கட்டணம், ரயில், ரூம் என் கையிலிருந்துன்னா என்னால போக முடியாது. கம்பெனி வேண்டாம்னு முடிவெடுத்தா என்னை மாதிரி ஆளுங்க கத்துக்க வேற வழி வெச்சுட்டு முடிவெடுங்க.

பணியில் இருப்பவள் (காரைக்குடி)

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு பார்க்கிறேன். பணத்தைப் பத்தி எல்லாரும் பேசிட்டீங்க. நேரத்தைப் பத்தி யாரும் பேசலை.

ராத்திரி எட்டு மணிக் கூட்டத்துக்கு நான் எப்படி வர்றது? வார்டை முடிச்சு வீட்டுக்கு வந்து என் பிள்ளைக்குச் சோறு ஊட்டி வீட்டுப்பாடம் பார்க்கிற நேரம் அது. பேச்சு ஒன்பதுக்குத் தொடங்கி பதினொண்ணுக்கு முடியும். எங்க கிளையில் பெண் டாக்டர்கள் கணிசமா இருக்கோம். கூட்டத்துக்கு வர்றவங்களை எண்ணினா முன்வரிசை முழுக்க ஆண்கள். பதவிக்கு யாரைப் போடுவாங்க? கூட்டத்துக்குத் தவறாம வர்றவங்களை. கூட்டத்துக்கு வர முடியாதவங்க தலைவராகவும் முடியாது. அரசுப் பணியில் இருக்கிறவங்களுக்கு மாறுதல் வேற. செயலாளராப் போட்டா நாளைக்கு ராமநாதபுரம் போயிடுவாங்கன்னு விட்டுடுறாங்க.

ஆனா இந்தப் பக்கத்துல வயித்துப்போக்கில் கண் குழிவிழுந்து வர்ற பிள்ளைகளை, எடை குறைஞ்சு பிறக்கிற பிள்ளைகளை அதிகம் பார்க்கிறது நாங்கதான். எங்க கணக்கும் அனுபவமும் கூட்டத்துக்கு வராம கூட்டம் எதைப் பத்திப் பேசும்? ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வைங்க, பிள்ளைகளோட வர்றோம். குழந்தை டாக்டர்கள் கூட்டத்துக்குக் குழந்தைகள் வரக்கூடாதா?

சிங்கப்பூர்க் கானாடுகாத்தான்

ஊரை விட்டு வந்து ரொம்ப நாளாச்சு, இருந்தாலும் இந்த இழையைத் தொடர்ந்து படிச்சுக்கிட்டு வர்றேன். இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, நானும் இங்கே இருக்கிற நாலு பேரும் சேர்ந்து தர்றோம். எங்க ஐயா காலத்தில் ஊருக்கு ஊருணி வெட்டினாங்க, பள்ளிக்கூடம் கட்டினாங்க. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்துச்சு. இது அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லை.

கோட்டையூர் ஆச்சி

தம்பி, உங்க மனசு பெரிசு. ஆனா இதை வாங்கக்கூடாதுன்னு நான் சொல்லுவேன். நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவ.

நம்ம கோயில் காரியம் எப்படி நடக்குது? கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. துணையை இழந்தவங்க அரைப்புள்ளி. கோடீஸ்வரருக்கும் ஒரே புள்ளி வரி, கடையில் கணக்கு எழுதுறவருக்கும் ஒரே புள்ளி வரி. மேல கொடுக்கிறவங்க கொடுக்கலாம், ஆனா பேச்சுரிமை புள்ளிக்குத்தான், கொடுத்த தொகைக்கு இல்லை. டாக்டர்களும் அப்படி வெச்சுக்கட்டும். சொந்தமா கிளினிக் வெச்சு நிலைச்சவங்க ஒரு புள்ளி. திருப்பத்தூர்த் தம்பி மாதிரி புதுசா தொடங்கினவங்க அரைப்புள்ளி. படிக்கிற பிள்ளைகளுக்கு ஒண்ணும் வேண்டாம். வருஷ முடிவில் வரவு செலவை எல்லார் முன்னாலும் வாசிக்கணும். இந்தப் பக்கத்தில் இதைப் புதுசா யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொண்ணு. இதே காரைக்குடியில் 1939-ல் சா.கணேசன் கம்பன் கழகம் தொடங்கினார். சொன்ன மணிக்கு விழா தொடங்கும், சொன்ன மணிக்கு முடியும், எவ்வளவு பெரிய ஆள் பேசினாலும். அந்த ஊரில் இருந்துக்கிட்டு எட்டு மணிக் கூட்டத்தை ஒன்பதுக்குத் தொடங்கலாமா?

பழைய ஸ்டெத் (காரைக்குடி)

மழலைநலம் தம்பி நேரா கேட்டார், நேரா பதில் சொல்றேன். கம்பெனி மேடையில் நின்னு அந்தக் கம்பெனி சிரப்பை எழுதாதீங்கன்னு யாரும் பேசி நான் கேட்டதில்லை. டெங்கு பத்திப் பேசலாம், அதில் விக்க ஒண்ணுமில்லை. இருமல் பத்திப் பேச முடியாது. அந்த வித்தியாசத்தை நான் மறுக்க முடியாது.

ஆச்சி சொன்ன புள்ளிக் கணக்கு எனக்குப் பிடிச்சிருக்கு. தலைக்கு வருஷம் 3,000 வெச்சாலும் ஓட்டல் இல்லாம, சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கிட்டா தாராளமா ஓடும். இடத்துக்குக் காசு வேண்டாம். எங்க வீட்டு வளவு சும்மாத்தான் கிடக்கு. பிள்ளைகள் எல்லாம் வெளியூர். நடுவாசலைச் சுத்தி எத்தனை நாற்காலியும் போடலாம், ஆத்தங்குடிக் கல் போட்ட தரை, பிள்ளைகள் உருண்டு விளையாடினாலும் அடிபடாது. டாக்டரம்மா, உங்க பையனைக் கூட்டிட்டு வாங்க.

ஆனா ஒரு நிபந்தனை. வெளியூரிலிருந்து பேச வர்றவருக்கு ரயில் செலவும் மரியாதையும் குறையக்கூடாது. அதை நம்ம வரியிலிருந்தே கொடுக்கணும். எல்லா மாசமும் பெரிய ஆள் வேண்டியதில்லை. மூணு மாசத்துக்கு ஒருத்தர் போதும். நடுவில் நம்ம வார்டில் வந்த நோயாளிகளை வெச்சே நாம பேசலாம். டாக்டரம்மா பார்க்கிற வயித்துப்போக்குக் குழந்தைகளைப் பத்தி முதல் கூட்டத்தில் அவங்களே பேசட்டும். அந்தக் காலத்தில் நாங்க பாயில உக்காந்து செஞ்சது அதுதான்.

கிராம சுகாதார செவிலியர் (பள்ளத்தூர் பக்கம்)

டாக்டருங்க பேசுற இடத்துல நான் பேசலாமான்னு தெரியலை, இருந்தாலும் சொல்லிடுறேன்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எங்ககிட்ட இலவசமா இருக்கு, துத்தநாக மாத்திரையும் இருக்கு. பிரச்சினை கலக்குறதுல. பொட்டலம் முழுசா ஒரு லிட்டர் தண்ணிக்கு. நான் வீடு வீடாப் போய்ப் பார்க்கிறப்ப, ஒரு டம்ளர் தண்ணியில கால் பொட்டலத்தைக் கொட்டிட்டு மீதியை மடிச்சு அரிசி டப்பாவுல வெச்சிருப்பாங்க. கை அளவுதானே, ஒருநேரம் அதிகமாயிடும், உப்பு ஏறிடும். ஒருநேரம் கம்மியாயிடும், பிரயோஜனமில்லை. நான் என்ன செய்வேன்னா ஒரு லிட்டர் காலித் தண்ணி பாட்டிலை அவங்க வீட்லயே தேடி எடுத்து, கழுவி, ஆறவெச்ச தண்ணியைக் கழுத்து வரைக்கும் ஊத்தி, பொட்டலத்தைக் கிழிச்சு மொத்தமா கொட்டி, மூடி போட்டுக் குலுக்கச் சொல்லுவேன். அவங்க கையாலயே. மறுநாள் மீதி இருந்தா ஊத்திடணும். துத்தநாக மாத்திரை போக்கு நின்னாலும் 14 நாள். ஆறு மாசத்துக்கு மேல 20 மில்லிகிராம், கீழே 10. மூணாம் நாளே நிறுத்திடுறாங்க.

டப்பா ஜூஸ் ஏன் கூடாதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியுது, ஆனா டாக்டர் சொன்னா அதுக்கு இருக்கிற மதிப்பு வேற. அதேபோல சேனை வைக்கிறது. பிறந்த உடனே பெரியவங்க நாக்குல தேன் வைக்கிறாங்க. ஒரு வயசுக்கு முன்னாடி தேன் ஆகாதுன்னு நான் சொன்னா "நாங்க எல்லாம் அப்படி வளர்ந்தவங்கதானே"ங்கிறாங்க. குழந்தை டாக்டர் ஒருத்தர் ஊர் கூடுற இடத்துல வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். மாசி பங்குனியில மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போறப்ப வெயில்ல எத்தனை பிள்ளைகள் சோர்ந்து விழுது! மோர்ப்பந்தல் போடுறவங்க பக்கத்துலயே சங்கத்துக்காரங்க ஒரு மேசை போடலாமே.

மழலைநலம் (தேவகோட்டை)

அக்கா, நீங்க சொன்ன பாட்டில் முறையை முதல் கூட்டத்தில் நீங்களே வந்து செஞ்சு காட்டணும். டப்பா ஜூஸ் ஏன் கூடாதுங்கிறதை அம்மாமார்கிட்ட இப்படிச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2002-லிருந்து சொல்ற கலவையில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், கூட பொட்டாசியம் உப்பும் சிட்ரேட்டும். எல்லாம் சேர்ந்து 20.5 கிராம். குடலில் உப்பும் குளுக்கோஸும் ஒண்ணாத்தான் உள்ளே போகும், அதுக்குப் பின்னாலயே தண்ணியும் போகும். அந்தப் பானங்களில் சர்க்கரை இதைப்போல பல மடங்கு. சர்க்கரை கூடினா குடல் உள்ளே இருந்து தண்ணியை வெளியே இழுத்துக்கும். போக்கு நிக்காது, கூடும்.

1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில், மேற்கு வங்காளத்துப் போங்காவில், சலைன் தீர்ந்துபோனப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் பொட்டலம் கட்டி டிரம்மில் கலக்கி வெச்சு, உறவுக்காரங்களையே நோயாளிக்குக் கொடுக்கச் சொன்னார். முகாமில் நூத்துக்கு முப்பதா இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்குச்சு. அன்னைக்கு அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தது நர்ஸ்கூட இல்லை, அம்மாவும் அண்ணனும்தான். பேரை மட்டும் எடுத்து ஜூஸ் டப்பா மேல ஒட்டினதை எதிர்த்து ஹைதராபாத்தில் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் போராடினாங்க, நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. எந்தப் பதவியும் கையில வெச்சுக்கிட்டு அவங்க அதைச் செய்யலை. பதவியில் இருக்கிற நம்மாலும் கொஞ்சமாவது முடியணும்.

கிளைச் செயலாளர்

வணக்கம். மூணு நாளா படிச்சுக்கிட்டிருக்கேன். பேர் போட வேண்டாம்னு சொன்னதால பதவியை மட்டும் போட்டு எழுதுறேன்.

நிர்வாகக் குழு முன்னால நான் வைக்கப் போறது: இந்த வருஷம் எந்தக் கூட்டத்துக்கும் கம்பெனி அரங்கமோ சாப்பாடோ வேண்டாம். புள்ளி, அரைப்புள்ளி முறையில் சந்தா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரவு செலவு வாசிக்கிறது. இது நிறைவேறும்னு உறுதி கொடுக்க முடியாது, எதிர்க்கிறவங்களும் இருக்காங்க. அவங்க கவலை பழைய ஸ்டெத் ஐயா முதல்ல சொன்ன அதே கவலைதான். ஐயாவே வந்து பேசினா கேப்பாங்க. அடுத்த வருஷத் தலைவரை இப்பவே தேர்ந்தெடுத்து இந்த வருஷம் முழுக்கக் கூட வெச்சுக்கலாம்னும் கேக்கப் போறேன். அந்த இடத்துக்கு அரசுப் பணியில் இருக்கிற ஒரு டாக்டரம்மா வந்தா நல்லதுன்னு என் சொந்தக் கருத்து.

சிங்கப்பூர் அண்ணே, சந்தாவுக்கு உங்க காசு வாங்கலை. உயிர்மீட்புப் பயிற்சிக்கு ரெண்டாவது பொம்மை ஒண்ணு வேணும். அதை வாங்கி நேரா ஆஸ்பத்திரி பிரசவ அறைக்குக் கொடுத்துடுங்க. எங்க கணக்குக்குள்ள வராது.

முதல் கூட்டம் புதன்கிழமை சாயங்காலம்னு குறிச்சு வெச்சிருந்தேன்.

கிராம சுகாதார செவிலியர் (பள்ளத்தூர் பக்கம்)

சார், புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டு முடிச்சு, பதிவு ஏத்தி, மிச்ச மருந்தைக் குளிர்பெட்டியில ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒப்படைக்க நேரமாயிடும். நாங்க யாரும் வர முடியாது.

கிளைச் செயலாளர்

அப்ப ஞாயிறு காலை பத்து மணி, ஐயா வீட்டு வளவில். பத்துக்குன்னா பத்துக்கு. டாக்டரம்மா முதல்ல, செவிலியர் அக்கா அடுத்து, அப்புறம் மருந்துக்கடைக்காரங்களோட பேச்சு. புதுவயல் அண்ணே, பக்கத்துக் கடைக்காரங்களையும் கூட்டிட்டு வாங்க. வயசு வாரியா எந்தச் சிரப் கூடாது, எது ஓ.ஆர்.எஸ்., எது இல்லைன்னு ஒரு தாள் அச்சடிச்சுத் தர்றோம்.

புதுவயல் மருந்துக்கடை

வர்றோம் சார். தாள் பெரிசா வேண்டாம், கவுண்டர் கண்ணாடியில ஒட்டினா பில் போடுற இடத்தை மறைச்சிடும். அரைத்தாள் அளவுல, எழுத்து மட்டும் பெரிசா, ரெண்டு வயசு நாலு வயசுங்கிறது தூரத்துல இருந்தே தெரியற மாதிரி போடுங்க. அம்மாமார் படிச்சுட்டு அவங்களே கேக்கணும். பின்பக்கம் பசை வெச்சே அடிச்சுக் குடுத்துடுங்க.